மாமனார் கேட்ட ஏலம்

ஞானராஜ் ஒரு முடிவெடுத்தார். பெண்டாட்டியைப் பயமுறுத்துவது என்று.

சிரிக்காதீங்க. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதையும் அவர் ஒருத்தரே பார்த்துவந்தார். ஒரு தடவை ரீட்டாவும் பார்க்கட்டுமே என்று மனுஷனுக்குத் தோன்றியதில் என்ன தப்பு?

எல்லாம் ஒரு கடிகாரத்தால் வந்தது. சங்கிலி கோத்து சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற பழைய காலத்துப் பாக்கெட் கடிகாரம். ரீட்டாவின் அப்பா இன்னாசிமுத்து ரயில்வேயில் கார்டு. சிதம்பரம் ஸ்டேஷனில் அவர் அதை எடுத்துப் பார்த்தாலே டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்களாம். மகள் கல்யாணத்தன்று அதைத் தன் பையிலிருந்து எடுத்து மாப்பிள்ளை கோட்டுப் பையில் போட்டு, "இனிமே இது உங்களுது" என்றார். அவர் காலமானபிறகு அதற்குச் சாவி கொடுக்க ஆளில்லை. கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கம்மென்று கிடந்தது.

தானே புயல் அடித்து நாலைந்து மாசம் இருக்கும். ஞானராஜ் சிதம்பரம் போனவர், கீழ வீதியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சபாபதியிடம் செல்போனில் அந்தக் கடிகாரத்தின் படத்தைக் காட்டினார். சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சார், இது ரயில்வேக் கம்பெனி எழுத்து வெட்டினது. நம்ம பக்கம் இன்னொண்ணு நான் பாத்ததில்ல. மெட்ராஸ்ல பழம்பொருள் ஏலம் விடறாங்க, அங்க வெச்சா அடிச்சிக்கிட்டுக் கேப்பானுங்க. ஒங்க கையில இருக்கறதோட சேத்தா கார் வாங்கிடலாம்."

கையில் இருந்தது என்றால், காருக்கென்று ஞானராஜ் பேங்கில் சேர்த்துவைத்திருந்த பணம். டீ குடிக்காமல், சினிமா பார்க்காமல், மொய் எழுதாமல் சேர்த்தது. வீடு இருக்கும் கடலூர் ஓ.டி. வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும், மனசுக்குள் அவர் காரில்தான் வந்தார்.

"ரீட்டா, அந்தக் கடியாரம் சும்மாதான கெடக்குது?"

"நீங்ககூடத்தான் ஞாயித்துக்கெழமைல சும்மா கெடக்கறீங்க. வித்துடலாமா?"

"ஒங்கப்பா அத எனக்குத்தான குடுத்தாரு?"

"யாரு இல்லன்னா? தாராளமா வித்துட்டு வாங்க. ராத்திரி சோத்துக்கும் வாங்கறவன் வீட்டுக்கே போயிடுங்க."

"அதில்லடி..."

"மாமா," என்றாள் ரீட்டா. குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பான்னு கையில தொட்டுப் பாக்க எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது. விட்டுடுங்க."

நல்ல மனுஷனாயிருந்தால் அங்கேயே விட்டிருப்பான். ஞானராஜும் நல்ல மனுஷன்தான். ஆனால் கார் ஆசை பிடித்த நல்ல மனுஷன். அவளே பயந்துபோய், 'ஐயோ, இத எங்கயாவது தொலைச்சிட்டு வாங்க மாமா' என்று கெஞ்சவேண்டும். அதுதான் திட்டம்.

அந்தக் கோடையில் மதியமானால் கரண்ட் போய்விடும். புயலில் மரமெல்லாம் விழுந்துபோன தெரு, வெயிலில் வெளுத்துக் கிடக்கும். காக்கா உட்காரக்கூட ஒரு கிளை கிடையாது. வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்து ஆபீசிலிருந்து சாப்பிட வந்த ஞானராஜ், ரீட்டா அடுப்படியில் இருக்கும்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இலைமுன் உட்கார்ந்தார். ஃபேன் ஓடும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் போயிற்று. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வீடு முழுக்க ஒரே அமைதி. அப்புறம் அலமாரிக்குள்ளிருந்து, டிக்... டிக்... டிக்...

ரீட்டாவின் கையில் ரசக்கரண்டி அப்படியே நின்றது.

"மாமா, கேக்குதா?"

"என்னது?"

"டிக் டிக்னு..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

ரீட்டா அலமாரி முன்னால் போய் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அலறப்போகிறாள் என்று ஞானராஜ் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா வந்திருக்காரு மாமா!"

மறுநாள் அலமாரி முன்னால் ஒரு டம்ளர் காப்பி. சர்க்கரை கம்மியாக. அதற்கடுத்து முறுக்கு. வெள்ளிக்கிழமை விரதம் கழிந்து சனிக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைத்தபோது, அதுவரை ஞானராஜின் இலைக்கே வந்த மீன் தலை அலமாரிக்குப் போயிற்று.

"அப்பாவுக்குத் தலைன்னா உசுரு."

"அவரு எப்பிடிடி சாப்புடுவாரு?"

"வாசன புடிச்சிக்குவாரு. நீங்க வாலத் தின்னுங்க."

பேயை வரவழைத்தவன் தன் மீன் தலையையே பறிகொடுத்தான் என்றால் எங்கே போய்ச் சொல்வது? போதுமடா சாமி என்று ஞானராஜ் சாவி கொடுப்பதை நிறுத்தினார். ரெண்டு நாளில் தானாக நின்றுவிடும், மாமனாரும் கிளம்பிவிடுவார்.

நிற்கவில்லை.

மூணாம் நாள் மதியம் கரண்ட் போயிற்று. ஃபேன் ஓய்ந்தது. டிக்... டிக்... டிக்... ஞானராஜ் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டார். நான் தொடவேயில்லையே! மறுநாளும் அடித்தது. அதற்கடுத்த நாள் பீரோவைத் திறந்து சட்டையை உதறினார், குப்பென்று சுருட்டு வாசனை. அவருக்குச் சுருட்டுப் பழக்கமே கிடையாது. மாமனாருக்கு உண்டு.

அதோடு விட்டதா? ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு ரெண்டு விதமாக அடிப்பதுபோலிருந்தது. ஒன்று படபட. இன்னொன்று நிதானமாக, டிக், டிக். சட்டைப் பைக்குள் கையை விட்டார். சில்லென்று விரலில் பட்டது கடிகாரம்.

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ரீட்டா! இத நீயா எம் பாக்கெட்ல போட்ட?"

"நான் எதுக்குப் போடறேன்? அப்பாவுக்கு ஒங்ககூட ஆபீஸ் வரணும்போல இருந்திருக்கும்." அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "கனவுலகூட வந்தாரு. ஒங்களத்தான் கேட்டாரு."

"என்... என்ன கேட்டாரு?"

"'சிதம்பரத்துல மாப்ளைக்கு என்ன வேல'ன்னாரு."

ஞானராஜ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சபாபதி கடைக்குப் போனது ரீட்டாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போனில் படத்தையும் சட்டைப் பையில் சிதம்பரம் பஸ் டிக்கெட்டையும் விட்டுவைத்தவர் அப்படித்தான் நினைப்பார்.

"எனக்கு இது வேணாம்டி. தயவுசெஞ்சு எங்கயாச்சும் குடுத்துடலாம்."

ரீட்டா யோசித்தாள். "அந்தோனியாருக்குக் காணிக்கையாப் போட்டுடலாம். ஆனா அப்பா ஒங்ககிட்டதான குடுத்தாரு? நீங்கதான் ஒங்க கையால போடணும்."

"போடறேன், போடறேன்!"

அந்தோனியார் திருவிழா ஜூன் மாசம் வந்தது. அந்தக் கோயிலில் பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருளையெல்லாம் ஏலம் விடுவார்கள். சேவல், தேங்காய், புயலுக்குத் தப்பின மரத்துப் பலாப்பழம், எல்லாம் வரும். ஞானராஜ் ஒரு வருஷமும் ஏலத்துக்கு நின்றதில்லை. கடைசிப் பாட்டு முடியுமுன்பே பிரியாணிப் பந்தியில் முதல் இலையில் இருப்பார்.

இந்த வருஷம் நின்றார். ஏனென்றால் அவர் பீடத்தில் வைத்த கடிகாரத்தின்மேல் ஃபாதர் தீர்த்தம் தெளித்ததைக் கண்ணால் பார்த்தார். பார்த்ததும் மண்டையில் பல்பு எரிந்தது. மந்திரித்தாயிற்று, மாமனார் போயாயிற்று, இனி அது வெறும் கடிகாரம்! ஐந்நூறுக்கோ ஆயிரத்துக்கோ ஏலத்தில் எடுத்தால் ரீட்டாவிடம் பதில் சொல்லவேண்டியதில்லை. கோயில் சொத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். வீட்டுக்கே போகாமல் நேரே சிதம்பரம் பஸ்.

ஏலம் விட்டது ரீட்டாவின் அண்ணன் ஆரோக்கிய ஜெகன். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அங்கே வாங்குகிறவன் வாயைத் திறக்கமாட்டான். புருவத்தை ஏற்றுவான், மூக்கைச் சொறிவான். ஜெகன் அதைப் பார்த்து விலையை ஏற்றுவார். கோயிலிலும் அவர் அப்படித்தான்.

"ஐந்நூறு!" என்றார் ஞானராஜ்.

ஜெகன் அவர் தலைக்குமேல் தூரத்தில் எங்கேயோ பார்த்தார். "ஆயிரம் கேட்டாச்சு!"

ஞானராஜ் திரும்பினார். ஆம்பளைகள் பக்கம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், புயலில் மொட்டையான பூவரசுக்குக் கீழே ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடந்தது. அதற்கும் அப்பால் படிக்கட்டில் பொம்பளைகள் கூட்டம். அங்கே அவர் பார்வை போகவேயில்லை. அங்கே யார் ஏலம் கேட்கப் போகிறார்கள்?

"ரெண்டாயிரம்!"

மறுபடி அதே திக்கில் ஜெகனின் பார்வை. "அஞ்சு கேட்டாச்சு!"

"யாரு மச்சான் கேக்கறது?"

"கேக்கறவங்க கேக்கறாங்க மாப்ள. நீங்க கேக்கறீங்களா, விட்டுடவா?"

காற்று அடித்தது. காலி நாற்காலி லேசாக ஆடியது. எங்கிருந்தோ சுருட்டு வாசனை வந்தது. ஞானராஜ் ரெண்டடி பின்னால் நகர்ந்தார். ஆனாலும் ஆசை விடுமா? நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, "மாமா, நல்லா இருப்பீங்க, விட்டுக்குடுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் பத்து கேட்டார். மாமனார் விட்டுக்கொடுக்கவில்லை. இருபது. நாற்பது. உயிரோடு இருந்தபோது பஸ்ஸுக்குச் சில்லறை கொடுக்கவே யோசித்த மனுஷன்! ஞானராஜின் பேங்குக் கணக்கில் இருந்த பணம் மொத்தமும் ஏலத்தில் ஏறியபிறகுதான் நாற்காலி ஓய்ந்தது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

கூட்டம் கைதட்டியது. ஞானராஜ் கையை நீட்டினார். ஜெகன் கடிகாரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இருங்க மாப்ள, என்ன அவசரம்? காணிக்க போட்டவரே ஏலம் எடுத்தா பணமும் கோயிலுக்கு, பொருளும் கோயிலுக்கு. மறு ஏலம் விடணும். நம்ம கோயில் வழக்கம்தான? தெரியாத மாதிரி நிக்கறீங்க!"

தெரியாதுதான். தெரியாது என்று சொன்னால் இத்தனை வருஷமாகப் பிரியாணிக்கு ஓடிய கதை சந்தி சிரித்துவிடும். ஞானராஜ் வாயை மூடிக்கொண்டார். 'எவ்ளோ பக்தி பாரு' என்று பின்னாலிருந்து யாரோ சொல்லிக்கொண்டார்கள்.

மறு ஏலம் ஆரம்பித்தது. பொம்பளைகள் பக்கத்திலிருந்து ரீட்டா எழுந்தாள்.

"நூறு ரூபா. எங்கப்பா கடியாரம்."

அதற்குமேல் யார் கேட்பார்கள்? அப்பாவின் கடிகாரத்தைக் கேட்கிற மகளோடு போட்டி போட அங்கே ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. ஞானராஜுக்கு வரும்தான், கையில் காசில்லை. ஜெகன் மூணு தரம் சொல்லி, தங்கச்சி பேருக்கே ரசீது எழுதிக் கொடுத்தார்.

ரீட்டா புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். கடிகாரத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, கையைப் பார்க்காமலேயே, கட்டைவிரலால் அதன் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தாள். தினமும் செய்கிறவள் செய்வதுபோல.

ஞானராஜ் அந்த விரலையே பார்த்தார்.

"நீயா?"

"ஆரம்பிச்சது நீங்க மாமா. நிறுத்திட்டீங்களேன்னு நான் குடுத்தேன்."

"பாக்கெட்ல போட்டது?"

"நான்தான்."

"சுருட்டு?"

"அண்ணன் வாங்கித் தந்துச்சு."

"அப்ப... ஏலம் கேட்டது?"

ரீட்டா ஒரு புருவத்தை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஃபாதர் வந்து ஞானராஜின் தோளில் கைபோட்டார். "ஞானராஜ், இந்த வருஷம் ஒங்க காணிக்கைதான் எல்லாத்தவிட ஜாஸ்தி. என்ன வேண்டுதல்?"

ஞானராஜ் வாயைத் திறக்குமுன்பே ரீட்டா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புருஷனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வீட்டுல ஒரு பேய் புடிச்சி ஆட்டிக்கிட்டிருந்துச்சு ஃபாதர். இப்ப எறங்கிடுச்சு."