தண்ணீரிலிருந்து ஐம்பது மீட்டர்

"பதினோரு மீட்டர்தான் இருக்கு" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே லிஃப்ட் இன்ஸ்பெக்டர் சொன்னதும், வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"எது பதினோரு மீட்டர்?"

"ஏரிக்கும் நம்ம வண்டிக்கும். முப்பது இருக்கணும். விதி நாலு."

"என்னங்க, வந்து இன்னும் பத்து நிமிஷம் ஆகல. டீ கூடக் கொதிக்கல."

"கொதிக்கிறதை அணைச்சிடு. வண்டியைப் பின்னாடி எடுக்கணும்."

அது வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன். அடுப்பு, கட்டில், கக்கூஸ் என்று ஒரு வீடே சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாடகைக்குக் கொடுத்தவர், 'ராத்திரி எங்கே நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம்' என்று பன்னிரண்டு விதிகள் அச்சடித்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தார். மற்றவர்கள் அதை வைத்துக் கண்ணாடி துடைப்பார்கள். நம்ம இன்ஸ்பெக்டர் லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருஷமாக ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற உத்தியோகம். கொஞ்சம் கண்ணை மூடினால் நாலு பேர் தலைகுப்புற விழுவார்கள். அதனால் அவர் தூங்கும்போதுகூடக் கண்ணை முழுசாக மூடுவதில்லை என்று மனைவி சொல்வாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினாலு வருஷமாக அவளுடைய சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவரும், அதில் இறங்குகிற ஒரு சாக்கடைக் குழாயும். "ஒரே ஒரு நாள், கண்ணு முழிச்சதும் ஜன்னல்ல தண்ணி தெரியணும்" என்றாள். தெரியும் என்று அவரும் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

இதற்கு முன் மூன்று சுற்றுலா போயிருக்கிறார்கள். முதல் தடவை விடுதியின் லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்டு, இரண்டு நாளும் இவர் லிஃப்டுக்குள்ளேயே இருந்தார். இரண்டாவது தடவை அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறது என்று நட்ட நடு மத்தியானத்தில் அறையைக் காலி செய்தார். மூன்றாவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"இந்தத் தடவையும் சொதப்பினீங்க, காலைல முதல் பஸ்ஸைப் பிடிச்சு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பளிச்சென்ற சட்டை போட வேண்டும் என்பது விதி ஏழு. இன்ஸ்பெக்டர் ஆபீஸ் மேல்சட்டையை எடுத்து மாட்டினார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். முதுகில் கொட்டை எழுத்தில் 'ஆய்வாளர்'. கையில் டேப். அக்குளில், வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம்.

அப்போதுதான் அவர் அந்த மனிதரைப் பார்த்தார்.

மேட்டில் ஒரு பழைய கற்கொட்டகை. அதன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, காலடியில் ஒரு நாய் படுத்திருக்க, தொப்பி வைத்த ஒருவர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். அந்தப் புல்வெளி, அந்த ஏரி, அதற்கு மேல் இருக்கிற மேகம் எல்லாம் பாட்டன் சொத்து என்கிற மாதிரி ஒரு தோரணை.

"ஐயையோ, ஓனர்!" என்றார் இன்ஸ்பெக்டர். "விதி ஒண்ணையே மறந்துட்டேன். நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கணும்."

"போய்க் கேளுங்க. கடிச்சா திங்கப் போறாரு?"

இவர் மேடேறியதும் தொப்பிக்காரர் துள்ளி எழுந்து நின்றார். என்ன மரியாதை தெரிந்த மனுஷன் என்று இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோனார்.

"வணக்கம் சார். ராத்திரி இங்க வண்டி நிறுத்தற விஷயமா..."

"நிறுத்தினா தப்புங்களா சார்?"

என்ன கேள்வி! நம்மைச் சோதிக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் சுதாரித்துக்கொண்டார். "முறையா நிறுத்தினா தப்பில்ல சார். தண்ணியிலேருந்து முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தணும்."

"முப்பதா?" தொப்பிக்காரரின் முகம் தொங்கிவிட்டது.

போதவில்லை போலிருக்கிறது. "நாப்பதுன்னே வச்சுக்கலாம் சார்."

"நாப்பதா!"

"சரி, அம்பது. அதுக்குக் கம்மியா வேண்டாம்."

"அம்பதே போதும் சார்! தயவு பண்ணி அம்பதோட விட்டுடுங்க!"

பேசும்போதெல்லாம் அந்த மனிதர் இவருடைய கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கறாரான ஆள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார்.

ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தினால் ஜன்னலில் ஒரு முள்புதர் தெரிந்தது. மனைவி அந்தப் புதரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எக்கி நின்னு பார்த்தா ஓரத்துல கொஞ்சம் தண்ணி தெரியும்" என்றார் அவர்.

"நான் எக்கறேன்மா!" என்று ஒன்பது வயசு மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். "தெரியலப்பா. ஒரு ஓணான்தான் தெரியுது."

சரி, வெளியிலாவது உட்காரட்டும் என்று நாற்காலியையும் மேஜையையும் இறக்கிப் போட்டார். அதே நேரம் மேட்டில் தொப்பிக்காரர் தன் நாற்காலியை அவசர அவசரமாக மடக்கி உள்ளே கொண்டுபோவது தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது.

"பார்த்தியா? தன் இடத்துலயே அவர் நாற்காலி போடல. நமக்கு ஜாடை காட்டறாரு. எடுத்து உள்ளே வை."

"டீயை எங்க உக்காந்து குடிக்கறது?"

"நின்னுக்கிட்டே குடி. உடம்புக்கு நல்லது."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தால், தொப்பிக்காரர் ஒரு சாக்குப்பையோடு குனிந்து குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரே பொறுக்கும்போது தங்க வந்தவன் சும்மா நிற்கலாமா? இவரும் ஒரு பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இவர் இறங்கியதைப் பார்த்து அவர் வேகத்தைக் கூட்டினார். அவர் கூட்டியதைப் பார்த்து இவரும் கூட்டினார். ஒரு பாட்டில் மூடிக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கை நீட்டி, "நீங்க எடுங்க சார்", "ஐயோ, நீங்க சார்" என்று உபசாரம் வேறு. ஒரு மணி நேரத்தில் அந்தக் கரை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வாரமாக எழுந்திருக்காத இன்ஸ்பெக்டருடைய இடுப்புவலி அப்போது எழுந்தது. நிமிர்ந்தால், ரோட்டோரக் குழாயடியிலிருந்து ஒரு பால்காரம்மா கறுப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு புல்வெளிக்குள் வந்துகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பதறிப்போய் ஓடினார்.

"அம்மா, அம்மா! மாட்டை இங்க விடாதீங்க. ஓனர் பார்த்துட்டிருக்காரு!"

"எந்த ஓனரு தம்பி?"

"அதோ, தொப்பி வச்சவரு. ரொம்பக் கண்டிப்பான ஆளு. அம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லிட்டாரு."

பால்காரம்மா தொப்பிக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். இவருடைய மஞ்சள் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு தம்பி. நான் பார்த்து நடந்துக்கறேன்" என்று மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

ஒரு ஏழைக்கு உதவி செய்த திருப்தியோடு வண்டிக்கு வந்தால், மனைவி பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். "தள்ளு, தள்ளு" என்றார். "நீ தண்ணியைத் தாராளமா விடுவே. அழுக்குத் தண்ணி ஒரு சொட்டு கீழே சிந்தினாலும் அவர் பார்த்துடுவாரு. ரெண்டு குவளைத் தண்ணில எப்படிக் கழுவறதுன்னு நான் காட்டறேன்."

"நீங்களா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கழுவிய பாத்திரம் இரண்டு. அதில் ஒன்று உடைந்துவிட்டது. மனைவி அவர் கையில் நாரைக் கொடுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மகளோடு குழாயடிக்குப் போனாள். போனவள் போனவள்தான். அவர் பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, மிதியடியை உதறி, வெங்காயம் நறுக்கி, அழுது முடித்த பிறகுதான் வந்தாள்.

"இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"கொட்டகை வீட்டம்மாவும் தண்ணிக்கு வந்திருந்தாங்க. பேசிட்டிருந்தோம்."

"ஓனர் சம்சாரமா! ஏதாவது தப்பாப் பேசித் தொலைக்கலையே?"

"சேச்சே. நல்ல மாதிரியாப் பழகறாங்க" என்று சிரித்தாள். முள்புதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரிச் சமையலைச் செய்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் கரண்டியை எடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தொப்பிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், ஒரு சந்தேகம். வண்டியோட மூஞ்சி ரோட்டைப் பார்த்து இருக்கணுமோ? அவசரம்னா கிளம்பத் தோதா?"

"கண்டிப்பா சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். விதிகளில் அது இல்லை. ஆனால் ஓனரே வாய்விட்டுக் கேட்டபிறகு என்ன செய்வது? வண்டியைத் திருப்பினார். இப்போது ஜன்னலுக்கு நேரே கொட்டகையின் சுவர் வந்து நின்றது. அதில் மழைத்தண்ணீர் இறங்க ஒரு குழாய்.

அதே சுவர். அதே குழாய். பதினாலு வருஷத்துச் சுவரை இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சிடும்மா" என்றார். "நல்லது பண்ணணும்னுதான் நினைச்சேன்."

"தெரியுமே" என்றாள் அவள். "தூங்குங்க. நாளைக்கு வேலை இருக்கும்."

காலையில் அவர் கண் விழித்தபோது பக்கத்தில் கட்டில் காலி. மகளைக் காணோம். அவர்கள் செருப்பையும் காணோம். முதல் பஸ் ஆறு மணிக்கு. மணி ஆறேகால்.

"போயிட்டா!" என்று பனியனோடு வெளியே குதித்தார். எதிரே கொட்டகைக்குப் பின்னாலிருந்து தொப்பிக்காரரும் பனியனோடு ஓடிவந்தார். தொப்பி இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"சார்! என் சம்சாரத்தைக் காணோம் சார்! நான் எந்த விதியையும் மீறல. அம்பது மீட்டர் தள்ளித்தான் நிறுத்தியிருக்கேன். வேணும்னா அளந்து பாருங்க!"

"என் மனைவியையும்தான் காணோம். நீங்க எதைச் சார் நிறுத்தியிருக்கீங்க?"

"என் கேம்பர் வேனை. கொட்டகைக்குப் பின்னாடி."

"உங்க சொந்த இடத்துல ஏன் சார் வேன்ல படுக்கறீங்க?"

"என் இடமா? நான் பல் டாக்டர் சார். மூணு நாள் லீவுல வந்திருக்கேன். நீங்கதானே இந்த ஏரி ஆபீசரு? முதுகுல எழுதியிருந்துச்சே!"

"அது லிஃப்டுக்கு!"

"ஏரியில ஏது சார் லிஃப்ட்?"

இன்ஸ்பெக்டர் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"குடும்பத்தோட வந்திருக்கீங்களே, எப்படி என்னை ஆபீசர்னு நினைச்சீங்க?"

"இப்பல்லாம் குவார்ட்டர்ஸையே சக்கரம் வச்சுக் குடுத்துடறாங்க போலன்னு நினைச்சேன் சார். உங்களுக்குப் பயந்து நேத்து நான் எட்டுப் பாத்திரம் தேய்ச்சேன்."

"நான் பதினொண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓரத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள். இரண்டு பெண்கள், கையில் டீ, கணுக்கால்வரை ஏரி. மகள் நாயோடு ஓடிக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் சூடேறவில்லை. ஏரி முழுக்கத் தங்கமாகக் கிடந்தது.

இன்ஸ்பெக்டருக்கு உயிரே திரும்பி வந்தது. ஓடிப்போய் மனைவி பக்கத்தில் நின்றார். "பஸ்ல போயிட்டேன்னு நினைச்சேன்."

"ஜன்னல்ல தெரிஞ்சா போதும்னுதான் கேட்டேன்" என்றாள் அவள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. "காலையே நனைச்சுக்கிட்டேன். நீங்களும் இறங்குங்க."

செருப்பைக் கழற்றப் போனவர் நின்றார். புத்தி எங்கே போகும்?

"இரு, இரு. இவரும் ஓனர் இல்ல, நானும் ஆபீசர் இல்ல. அப்போ இன்னும் யார்கிட்டயும் அனுமதியே வாங்கலையே! விதி ஒண்ணு!"

பின்னால் கறுப்பு மாட்டோடு வந்து நின்ற பால்காரம்மா, தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"இது என் நிலந்தான் தம்பி. நேத்து குழாயடியிலயே உங்க ரெண்டு பேரு வீட்டம்மாவும் எங்கிட்ட கேட்டாங்க, தண்ணி ஓரமாவே தாராளமா நிறுத்திக்கங்கன்னு சொல்லிட்டேன். 'சரிக்கா, ஆனா எங்க வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் காலைல வரைக்கும் மூச்சு விட்டுடாதீங்க, இப்பத்தான் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சிருக்காங்க'ன்னாங்க."