ஆயில் நைனாவும் மிதிக்காத சைக்கிளும்

உராய்வைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் இருந்தார். என் கெட்ட நேரம், என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார்.

ஊருக்கு அவர் ஆயில் நைனா. நிஜப் பெயர் தபால்காரனான எனக்கே தெரியாது. அவருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. படகு இன்ஜின் மெக்கானிக். ஆனால் இன்ஜின்களைத் தொட்டதைவிட அடுத்தவர் வீட்டுக் கதவுகளைத் தொட்டதுதான் அதிகம். எங்கே எது கிறீச்சிட்டாலும் அவர் காதுக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஏணி போட்டு ஏறி மின்விசிறிக்கு எண்ணெய் விட்டவர் அவர். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் இரண்டு சொட்டு விழுந்தது. "சட்ட போனா போவட்டும், ஃபேன் எப்டி சுத்துது பாரு" என்று மாப்பிள்ளைக்கே காட்டினார்.

ஒருநாள் எங்கள் வீட்டு இரும்பு கேட் லேசாக முனகியது. அடுத்த நிமிடம் சோற்றுக் கையோடு ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அன்றிலிருந்து கேட் சத்தமில்லாமல் திறந்தது. நாங்கள் திறந்தாலும் திறந்தது, ஆடு முட்டினாலும் திறந்தது. என் மனைவி சரோஜா ஆசையாக வளர்த்த செம்பருத்தி மொட்டையானது. திட்டுவாள் என்று பார்த்தால், "அவுரு கை வச்சா கேட்டுகூட பேசாம கெடக்குது. நீங்க கை வச்சா டியூப்லைட்டு ஒடையுது" என்றாள்.

என் பொறாமை அங்கேதான் முளைத்தது. ஒளித்து என்ன ஆகப் போகிறது, பொறாமைதான்.

எனக்கும் இந்த ஊரில் ஒரு பெருமை இருந்தது. காணும் பொங்கலன்று ஏரிப் பாலத்தில் மிதிக்காமல் போகும் போட்டி நடக்கும். பாலத்து உச்சியிலிருந்து சைக்கிளை உருட்டிவிட வேண்டும். ஒரு மிதிகூட மிதிக்கக் கூடாது. யார் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு எவர்சில்வர் அண்டா. தினமும் தபால் பையோடு அந்தச் சரிவில் இறங்கியவன் நான். ஆறு வருடம் தொடர்ந்து ஜெயித்தேன். எங்கள் வீட்டுப் பரணில் ஆறு அண்டா இருந்தது. என்னிடம் மெச்சிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

ஏழாவது வருடம் ஆயில் நைனா ஒரு சீமை சைக்கிளோடு வந்து நின்றார். காட்டுப்பள்ளிப் பக்கம் வந்த கப்பலின் சமையல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரம் நின்றுவிடும்.

சரிவில் சும்மா உருளும்போது பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போவது நம் ஊர்ப் பழக்கம். காலுக்கு வேறு வேலை இல்லையே! அவரும் ஊரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே பின்னால் ஒரு சுற்று சுற்றினார். சக்கரம் பிடித்தது. சைக்கிள் வாலைச் சுழற்றிப் படுத்தது. நைனா நண்டுக் கூடைக்காரம்மாவின் காலடியில் போய் விழுந்தார். ஏழாவது அண்டாவை வாங்கியபோது என் வாயில் இருந்த பல்லெல்லாம் தெரிந்ததாகச் சரோஜா பிறகு சொன்னாள்.

மறுவாரம் அவர் பட்டறைக்குப் போனேன், துக்கம் விசாரிக்கிற சாக்கில். பின் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். உள்ளே இருந்த பிரேக் கட்டைகளை எடுத்துத் தூர வைத்துவிட்டார். கெட்டி கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டார். மாட்டி, ஒரு விரலால் சக்கரத்தைத் தட்டினார். டீ வாங்கிக் குடித்தோம். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தோம். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. "நைனா, பிரேக்கே இல்லியே, எப்டி நிப்ப?" என்றேன்.

"இன்னா போஸ்டு, நிக்கறதுக்கா இத்தினி வேல செஞ்சேன்?"

அடுத்த காணும் பொங்கலன்று நான் ஒரு கீழ்த்தரமான காரியம் செய்தேன். போட்டி நடத்தும் ஊர்த் தலைவர் காதில், "அந்த வண்டிக்குப் பிரேக்கே இல்ல" என்று போட்டுக் கொடுத்தேன்.

"போட்டில பிரேக் அடிக்கவா போறான்? போய் உன் வண்டியப் பாரு போஸ்டு" என்றார் தலைவர்.

என் சைக்கிள் டிக்டிக்கென்று உருண்டது. அவர் என்னைத் தாண்டிய சத்தமே கேட்கவில்லை. நான் நின்றுபோன இடத்திலிருந்து பார்த்தேன். எல்லைக் கயிற்றைத் தாண்டி, ஐஸ் வண்டியைத் தாண்டி, மீன் ஏலக் கொட்டகைக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்து, காயப்போட்டிருந்த வலைக் குவியலில் போய்ச் சொருகிக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்து அவரை வலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். "எம்மாந் தூரம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

எட்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் என் சைக்கிளின் பின் சக்கரம் தனியாகக் கிடக்கிறது. பக்கத்தில் நைனா.

"இன்னா நைனா பண்ற?"

"உன் வண்டி இழுக்குது போஸ்டு. அன்னிக்கி உன்னத் தாண்டசொல்லோ கேட்டேன், கரகரனு அரைக்குது. எட்டு நாளா எனக்குத் தூக்கமே வர்ல."

தேய்ந்த பால்ரஸ் குண்டுகளை மாற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் அதே சைக்கிளில் அவரை ஒரு முழ வித்தியாசத்தில் ஜெயித்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர் தோற்றுப்போன ஆயில் நைனாதான். அண்டா என் கையில் இருந்தது. சந்தோஷம் முழுக்க அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஜெயித்த நாளில்கூட என்னால் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை.

போன வருடம் அவர் மகள் வந்து அவரைத் தன்னோடு எளாவூருக்கு அழைத்துப் போய்விட்டாள். காணும் பொங்கலுக்கு நான் பாலத்துப் பக்கமே போகவில்லை. உப்புக் காற்றில் எங்கள் கேட் மறுபடி துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது. ஆயில் கேன் வீட்டில்தான் இருக்கிறது, எண்ணெய் விடச் சொல்லிச் சரோஜாவும் தினம் நச்சரிக்கிறாள்.

நான் விடவில்லை. நன்றாகக் கத்தட்டும். எளாவூர் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை.