ஒத்த சீட்டு வண்டி

என் ஐம்பத்து மூன்றாவது பிறந்தநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதில்லை. கண்ணாடியைப் பார்த்து அழுத்தமாகத் தலையாட்டினேன். கண்ணாடி முழுக்க அவள் ஒட்டி வைத்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள். அத்தனையும் என்னையே முறைப்பதுபோல இருந்தது. அதனால் முடிவை அவளிடம் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

என் பெயர் தனக்கோடி. தொம்மலூரில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். நான் 'ஹூம்' என்றால் நாற்பது கேப் நகரும். வீட்டில் 'ஹூம்' என்றால், "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று மிளகுப் பால் வரும்.

என் மனைவி வனஜா ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு அட்டெண்டர். இருபத்திரண்டு வருஷமாக உடைந்தவர்களையே பார்த்துக்கொண்டிருப்பவள். ரோட்டில் போவது நமக்கு பைக், அவளுக்குத் தொடை எலும்பு. ஸ்கூட்டர் என்றால் மணிக்கட்டு. நான் உயிராக வைத்திருந்த டூ ஸ்ட்ரோக் பைக்கை, அவள் வார்டில் சேர்ந்த முதல் மாதமே விற்க வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு பஸ். அதிலும் படிக்கட்டுப் பக்கம் நிற்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு அவளுக்கு. தான் சோதித்துப் பார்க்காமல் எதையும் எனக்குத் தரமாட்டாள். காபியில் ஒரு வாய் அவளுக்குப் போகும். இருமல் மருந்தில் ஒரு சொட்டு அவள் நாக்கில் விழும். எனக்குப் புதுச் செருப்பு வாங்கினால்கூட, தான் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளின் புருஷனான நான், பிறந்தநாளும் அதுவுமாகச் சிவாஜிநகரில் லாயிடின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். லாயிட் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். தார்ப்பாயை அவன் உருவினான். மஞ்சள் நிறத்தில், நாலு குண்டுச் சக்கரத்தோடு, பாயப் போகிற தவளை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன லாயிட் இது, ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் ஜாஸ்தியா இருக்கு?"

"ஆட்டோவா! வாயைக் கழுவு மேன். ஸ்போர்ட் குவாட் பைக். ஜப்பான். ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கூர்க்ல ஒரு எஸ்டேட்ல கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல தூங்கிட்டிருந்துச்சு. நான்தான் எழுப்பினேன்."

"ரோட்டுல ஓட்டலாமா?"

"ரோட்டுக்கு பர்மிஷன் கிடையாது. ஹொசகோட்டே தாண்டி என் மச்சான் மாந்தோப்பு இருக்கு. பக்கத்துல காலி நிலம். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றியா?"

டூ ஸ்ட்ரோக் என்ற வார்த்தையிலேயே நான் பாதி கிளம்பிவிட்டேன். மீதிப் பாதிக்கு வனஜாவிடம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

"வனஜா, ஞாயித்துக்கிழமை காலைல யோகா கிளாஸ் போலாம்னு இருக்கேன்."

"எங்க?"

"அல்சூர் ஏரிக்கரைல."

"நல்லதுதானே. போயிட்டு வாங்க. நானும் சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகலாம்னு இருக்கேன். உங்க உடம்புக்காக வேண்டிக்கணும்."

சனிக்கிழமை எனக்கு ஆபீஸ், அவளுக்கு லீவு. இவ்வளவு சுலபமாகப் பொய் பலித்ததில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பில் லாயிட் பாடம் எடுத்தான்.

"பைக் மாதிரி கையைத் திருகாத. இது கட்டைவிரலால அமுக்கற ஆக்ஸிலேட்டர். வளையும்போது காலைக் கீழ ஊனாத, பின் சக்கரம் உன் காலையே ஏறி மிதிக்கும். எந்தப் பக்கம் வளையறியோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்கணும். மூட்டை மாதிரி உக்காந்திருந்தா கவுத்துடும். ஒத்த சீட்டு, பின்னாடி யாரையும் ஏத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. இந்தக் கயிறு எதுக்கு?"

"மணிக்கட்டுல மாட்டிக்க. நீ விழுந்தா கயிறு புடுங்கிக்கும், இன்ஜின் நின்னுடும்."

அந்தக் கயிறு எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மணிக்கட்டில் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரியாது.

"மொதல்ல ஒண்ணும் தெரியாது மேன். அமுக்கிட்டே போனா ஒரு இடத்துல திடீர்னு பவர் வரும். யாரோ முதுகுல எட்டி உதைச்ச மாதிரி."

அமுக்கினேன். வண்டி அலறியது. புகை, புழுதி, டூ ஸ்ட்ரோக் எண்ணெய் வாசனை. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று லாயிடிடம் சொன்னேன். முதுகில் உதை விழுந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விழுந்ததாகவே வைத்துக்கொண்டேன். நிலத்தின் மறுகோடியில் ஒரு தனி மாமரம். அதைத் தொட்டுத் திரும்பி வந்து நிறுத்தினேன்.

"லாயிட், எண்பது போயிருப்பேனா?"

இந்த மாதிரி வண்டியில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. லாயிட் வானத்தைப் பார்த்தான்.

"நீ சொன்னா சரி மேன்."

தோப்பில் கரியா என்று ஒரு கறுப்பு நாய். கூடவே ஓடி வந்து, எனக்கு முன்னால் மாமரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஹொசகோட்டே நாய்களைக் குறைத்து எடை போடக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். வண்டியின் முன் மட்கார்டில் ஒரு மெரூன் பொட்டு. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த லாயிட், வண்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறான்! இதுவல்லவா எல்லா மதமும் கலந்த சிவாஜிநகர் என்று நெஞ்சு நெகிழ்ந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

"யோகா எப்படி இருந்துச்சு?"

"மனசு லேசாயிடுச்சு."

"தலையெல்லாம் செம்மண்ணு?"

"தலைகீழா நிக்க வெச்சாங்க."

"பெட்ரோல் வாசனை வருதே?"

"பக்கத்துல நின்னவர் ஆட்டோ டிரைவர்."

"ஓஹோ" என்றாள். அவ்வளவுதான். மடக்கி மடக்கிக் கேட்டும் நான் மாட்டவில்லை. இத்தனை வருஷம் இவளுக்கா பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு தோப்பில் பையைத் திறந்தால், சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே இரண்டு முட்டி உறை. போனில் கேட்டேன்.

"யோகாவுல மண்டி போட வேண்டி இருக்கும்ல" என்றாள்.

அதற்கடுத்த வாரம் முழங்கைக்கு உறை. அப்புறம் கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ். ஏரிக்கரையில் பாம்பு இருக்குமாம். அதற்கும் அடுத்த வாரம் பை பெரிதாக உப்பியிருந்தது. உள்ளே முகம் முழுக்க மூடும் புத்தம் புது ஹெல்மெட்.

"இது எதுக்கு வனஜா?"

"தலைகீழா நிக்கறீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? தலைல அடிபட்டா?"

இப்படியும் ஒரு வெகுளி உலகத்தில் உண்டா! அதை மாட்டிக்கொண்டேன். உள்ளே தேங்காயெண்ணெய் வாசனை. புது ஹெல்மெட் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மனசு உறுத்த ஆரம்பித்தது. அவள் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் எனக்காக வேண்டிக்கொள்கிறாள். களைத்துப்போய், செருப்பெல்லாம் மண்ணாகத் திரும்பி வருகிறாள். அங்கப்பிரதட்சணமே செய்கிறாளோ என்னவோ. நானோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம் புளுகுகிறேன். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். என்னதான் எண்பதில் பறந்தாலும், அதை வனஜா பார்க்கவில்லை என்றால் பறந்த மாதிரியே இல்லை. ஒரு முறையாவது அவள் என்னைப் பார்த்து 'அடேங்கப்பா' என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

"வனஜா, இந்த ஞாயித்துக்கிழமை நீயும் யோகாவுக்கு வாயேன்."

"வரேனே" என்றாள், பாத்திரம் கழுவிய கையைக்கூடத் துடைக்காமல்.

லாயிடின் வேனில் போனோம். அல்சூர் ஏரியைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியும் ஏரி எங்கே என்று அவள் கேட்கவில்லை. தோப்பில் இறங்கியதும் கரியா பாய்ந்து வந்தது. யாரிடமும் ஒட்டாத நாய் அவள் காலடியில் உருண்டு புரண்டது.

"பாரோ கரியா, கூத்கோ" என்று, வாடா உட்காரு என்று கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டே கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் போட்டாள். கைப்பையில் பிஸ்கட் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் இருந்த பரபரப்பு அப்படி. தார்ப்பாயை உருவினேன்.

"வனஜா, என்னை மன்னிச்சுடு. யோகா இல்ல. இதுதான்."

"ஐயோ, எவ்ளோ பெரிசு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதையா ஓட்டறீங்க?"

"நீயே பாரு."

ஓட்டினேன். வண்டி அலறியது, புழுதி பறந்தது, வளைவில் இடுப்பை வெளியே வீசிச் சாய்ந்தேன். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, அந்த 'அடேங்கப்பா'வுக்காகக் காத்திருந்தேன்.

"எப்படி?"

"நல்லா இருந்துச்சுங்க. நாய் ஜெயிச்சிடுச்சு."

"அது குறுக்கால போகுது!"

"சரி, சரி. நான் ஒரு ரவுண்டு போய்ப் பாக்கட்டுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வனஜா, இது விளையாட்டில்லம்மா. முதுகுல எட்டி உதைக்கும்."

"உதைக்கட்டும். லாயிட் அண்ணா, அதை லூஸ் பண்ணுங்க."

லாயிட் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். ஆக்ஸிலேட்டர் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ. இத்தனை வாரமும் அது என் கண்ணில் பட்டதே இல்லை. அவன் அதைத் திருகினான், திருகினான், திருகிக்கொண்டே இருந்தான்.

"டேய், என்ன அது?"

"லிமிட்டர் மேன். இதை இறுக்கி வெச்சா, நீ எவ்ளோ அமுக்கினாலும் வண்டி நாய் வேகம்தான் போகும்."

"யார் இறுக்கச் சொன்னது?"

"உன்னை ஏத்தறதுக்கு முன்னாடி வனஜா சிஸ்டர் கிட்ட கேக்காம இருப்பேனா? நீ கவுந்தா நான் உன்னை எந்த வார்டுக்குத் தூக்கிட்டுப் போவேன், சொல்லு மேன்?"

அதற்குள் வனஜா துப்பட்டாவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். "சக்கரத்துல மாட்டிக்கும், புடிங்க." நெற்றியிலிருந்து பொட்டை எடுத்தாள். மட்கார்டில் ஒட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டு பாத்ரூம் கண்ணாடி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெய் வாசனையும் கூடவே ஞாபகம் வந்தது.

கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள், பிரேக்கை இரண்டு முறை பிடித்துப் பார்த்தாள், போனாள். போனாள் என்றால், சத்தம் இங்கே இருக்கும்போதே ஆள் அங்கே இருந்தாள். நடுவில் எங்கேயோ அந்தப் பவர் வந்தது. முன் சக்கரம் இரண்டும் ஒரு ஜாண் தூக்கி இறங்கியது. கரியா பத்தடி ஓடிவிட்டு நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன்.

"அடேங்கப்பா" என்றேன்.

வனஜா திரும்பி வந்து, மட்கார்டிலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். துப்பட்டாவை நான் இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்போ அந்த ஆஞ்சநேயர் கோயில்?"

"உங்க யோகா கிளாஸுக்குப் பின்பக்கம்தான் இருக்கு."

"சனிக்கிழமையெல்லாம் இங்கதான் வந்தியா?"

"லாயிட் அண்ணா, அவர் வீட்டம்மா, நான். மூணு பேரும் வருவோம். எதையாவது நான் பாக்காம உங்களுக்குக் குடுத்திருக்கேனா?"

"என்னை ஏமாத்திட்டியே வனஜா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

என் முட்டி உறை நழுவியிருந்தது. அவள் குனிந்து அதை இழுத்து விட்டாள்.

"அந்த பைக்கை வித்த அன்னிக்கு பசிக்கலைன்னு சொல்லிட்டு சாப்பிடாம படுத்துட்டீங்க. உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கலை. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து பக்கத்துல போற பைக்கையே பாத்துட்டு வருவீங்க. அதையும் நான் பாத்துட்டுதான் இருந்தேன். மறுபடியும் எப்படிங்க வேணாம்னு சொல்றது? ஆனா இது ஒத்த சீட்டு வண்டி. நீங்க விழுந்தா பின்னாடி நான் இருக்க மாட்டேன். பயமா இருந்துச்சு. அதான் ஸ்க்ரூவ இறுக்கச் சொன்னேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தேன். இந்த முறை புழுதி என்று சொல்லவில்லை. பத்து வார்டு எலும்பை ஒன்றாக அடுக்கி வைத்தாலும் இவளுக்கு என்மேல் இருக்கிற அக்கறைக்கு ஈடாகாது என்று தோன்றியது. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

"அப்போ எனக்கு எப்பதான் லூஸ் பண்ணுவ?"

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்க்ரூவுல ஒரு சுத்து."

"மொத்தம் எத்தனை சுத்து லாயிட்?"

"பதினொண்ணு மேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "வனஜா, அதுக்குள்ள எனக்கு அறுபத்து மூணு வயசு ஆயிடும்!"

"ஆகணும்ங்க. அதுக்குத்தான்" என்றாள்.

லாயிட் ஸ்க்ரூவைப் பழையபடி இறுக்கிவிட்டு, இந்த வருஷத்துக் கணக்கில் ஒரு சுற்று மட்டும் அப்போதே லூஸ் பண்ணிக் கொடுத்தான். வனஜா என் மணிக்கட்டில் கயிற்றை மாட்டி, இழுத்துச் சரிபார்த்தாள். "போயிட்டு வாங்க. நாயும் ரெடியா இருக்கு."

அமுக்கினேன். ஒரு சுற்றுக்கு என்ன வித்தியாசம் என்கிறீர்களா? வித்தியாசம் இருந்தது. காற்று காதில் புதிதாகப் பேசியது. வளைவில் சாய்ந்தேன், நிமிர்ந்தேன், மாமரத்தடியில் போய் நின்றேன். மரத்தடி காலி. கரியாவைக் காணோம். வாழ்க்கையில் முதல்முறையாக நாயை முந்திவிட்டேன்! இரண்டு கையையும் மேலே தூக்கி, "வனஜா, பாத்தியா?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

கரியா கிளம்பவே இல்லை. தூரத்தில் வனஜாவின் மடியில் தலையை வைத்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.