ஷாஃப்ட் இருக்கு, கேஜ் இல்லை

"படி ஏறினா உடம்புக்கு நல்லதும்மா" என்றார் மனோகர்.

சக்கர நாற்காலியில் இருந்த வெண்ணிலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஏறுவீங்களா சார்?"

மனோகர் முட்டியைத் தடவிக்கொண்டார். தன் அறையில் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கரும்பலகையில் மாட்டியிருந்த தன் கோட்டைச் சரிசெய்தபடி பேச்சை மாற்றினார். பல்கலைக்கழகத்தின் தங்க வயல் மையத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் குறை தீர்க்கிற அதிகாரி அவர்தான். அவள் எம்.ஏ. வகுப்போ இரண்டாவது மாடியில். வகுப்புக்குப் போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"கீழ ரூமே இல்லம்மா. வேற என்ன வேணும்னு எழுதிக் குடு. பெங்களூருக்கு அனுப்பறேன்."

மாடிப்படிக்குப் பக்கத்தில், லிஃப்டுக்கென்று விட்ட இடம் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. வெண்ணிலா மாரிகுப்பத்துப் பெண். தங்கச் சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கிய கேஜ்தான் அவள் வீட்டில் லிஃப்டுக்கும் பேர்; அது போய்வரும் குழிக்கு ஷாஃப்ட். "ஷாஃப்ட் இருக்கு, கேஜ் இல்லை. கேஜ் போட்டுத் தரவும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே குரங்கு பிடிக்கிற ஆளுயரக் கூண்டே லாரியில் வந்து இறங்கியது.

"இன்னா சார் இது?"

"நீதானே கேஜ் கேட்ட? கோரிக்கை தீர்ந்துச்சுன்னு பெங்களூர்ல ஃபைலையும் மூடிட்டாங்க."

அவள் மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் வந்தது. வளாகத்தில் விலங்கு வளர்க்க அனுமதி இல்லையாம், மாணவி உடனே விளக்கம் தர வேண்டுமாம்.

வெண்ணிலா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

"விளக்கம்தானே? தரேன். டேய் பிரேமு, அந்தக் கூண்டத் தள்ளினு வாடா."

வகுப்புத் தோழன் பிரேம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கூண்டை மாடிப்படிக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். வெண்ணிலா நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரேம் சாவியால் கம்பியைத் தட்டி, சுரங்கத்தில் கேஜுக்கு அடிப்பதுபோல மணியடித்தான்.

"கேஜ் ரெடி! மேல இழுங்க சார்!"

அவளைத் தாண்டி ஒருவராலும் படியேற முடியவில்லை. மொத்த மையமும் கீழே கூடி நின்று சிரித்தது. மனோகர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வெளிய வாம்மா, மானம் போவுது!"

"போவட்டும் சார். ஒண்ணு கேஜ் ஏறணும், இல்ல கிளாஸ் எறங்கணும். அதுவரைக்கும் அசையமாட்டேன்."

"சரிம்மா, எறக்கிடறேன்! ஆனா கீழ ரூமுக்கு நான் எங்க போவேன்?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, மையத்தைப் பெருக்குகிற பார்வதம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், மறந்துட்டீங்களா? நீங்க குந்தினு கீற ரூமுதான் இவங்க கிளாசு. முட்டி வலிக்குது, மாடி ஏற முடியலன்னு போன வருசம் நீங்க எழுதிக் குடுத்ததும், ஒரே நாள்ல கிளாஸ மேல ஏத்தி உங்களக் கீழ எறக்கினாங்களே!"