பேதியான பேய்க்கு ஒரு ஜெபம்

ராஜகீழ்ப்பாக்கம்,
சனிக்கிழமை

அன்புள்ள மச்சான் ஜாய்சனுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே அஸ்தினாபுரத்தில் நீங்களும் ஹெப்சியும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் அக்கா ஞானஜோதியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் விளக்கலாமென்றால் நான் ஆரம்பித்ததுமே நீங்கள் சிரித்துத் தொலைக்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். செய்தி கொடுக்க வேண்டிய போதகர் மேடவாக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். "அசரியா சார், நீங்க ரிடையர்டு வாத்தியார்தானே, ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார் மெட்டில்டா டீச்சர். எனக்கோ, முந்தின நாள் டிவியில் நானும் ஞானஜோதியும் பார்த்த 'பேய்க்குப் பேதி' படம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் மதிக்காத படம், ஆனால் அதில் எவ்வளவு ஆழம் மச்சான்! தன்னைக் கொல்ல வந்த பேய், ஊசிப்போன மீன்குழம்பைத் தின்று பேதியாகிக் கிடக்கும்போது, கதாநாயகன் ஓடிப்போய் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கிறானே, பகைவனிடம் அன்பு காட்டுவதென்றால் வேறென்ன? இதைத்தான் விளக்கினேன், சத்தங்கள் உட்பட. பிறகு எல்லாரும் கண்ணை மூடியதும், வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும் வழக்கத்தில், டீச்சரின் முழங்கால் வலியைத் தொடர்ந்து அந்தப் பேயின் வயிற்றுக்காகவும் ஜெபித்துவிட்டேன். பாதிப் பேர் ஆமென் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்கள்.

அதற்கப்புறம் ஞானஜோதி பார்த்துப் பார்த்துச் செய்த சேமியா பாயசத்தை யார் தொடுவார்கள்? "சுகர் இருக்குங்க" என்றார் ஒருவர். சுகர் இல்லாதவர்களும் அதையே சொன்னார்கள். "இருக்கிற பேதியெல்லாம் என் பாயசத்துல கரைச்சிட்டீங்களே! உங்க பேயே வந்து சமைச்சுப் போடட்டும்" என்று அழுதுகொண்டே ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஆகையால் மச்சான், அந்தப் படத்தின் தத்துவத்தை நீங்கள்தான் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பேதி என்பது அகந்தை வெளியேறுவது. கக்கூஸ் வாசலில் பேயும் மனிதனும் சமம். இது புரிந்தால் அவளே மன்னிப்புக் கேட்டுத் திரும்புவாள். மன்னிக்க நான் தயார்.

ஹெப்சிக்கு என் வாழ்த்துதல். சமாதானம் உங்கள் வீட்டில் நிறைந்து, மிச்சம் இந்தப் பக்கமும் வரட்டும்.

உங்கள் அத்தான்,
அசரியா

பி.கு.: ஆதாரத்தோடு எழுதலாமே என்று இன்று மத்தியானம் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். தத்துவம் ஒன்றும் இல்லை மச்சான், வெறும் பேதிதான். பேய் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் அன்றைக்கு உங்கள் அக்கா மூக்குக்கண்ணாடி கழன்று விழச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்று அதே இடம் வந்தது, எனக்குச் சிரிப்பே வரவில்லை. விளக்கமெல்லாம் வேண்டாம். அவளை வரச் சொல்லுங்கள்.