வாடகை வண்டியின் ஒடுக்கைத் தொடாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளும் நலம். அது அளவுக்கு மீறி நலமாகிப்போனதால் வந்த தொல்லையைப் பற்றியே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்வேன், நம் இருவருக்குமே ரத்த அழுத்தம் இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதி, நாளை என் மனைவியின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். சாப்பிட்ட பிறகு படிக்கவும்.

நீங்களும் உங்கள் நண்பர்களும் அடுத்த ஆண்டு இந்த நாட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றப் போவதாகவும், முன்னால் போகும் நான் வெளிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்களை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண்ணின் தகப்பன் வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறானே என்று உங்கள் வீட்டில் பேச்சு எழுந்திருக்கும். நியாயமான பேச்சுதான். ஆனால் என்னை அனுப்பி வைத்ததே என் மகள். மண்டபத்தைப் பார்க்கப் போன அன்று அதன் இரும்புக் கேட்டில் ஒரு ஒடுக்கு இருந்ததைக் கண்டேன். நாற்பது வருடம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவன், நசுங்கிய தகரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாது. கேட்டைக் கழற்றினேன். அதைத் தட்டிச் சரிசெய்து திரும்ப மாட்டுவதற்குள், அன்று அங்கே கல்யாணம் வைத்திருந்தவர்களின் மாப்பிள்ளை கார் உள்ளே நுழைய வழியில்லாமல் தெருவிலேயே நின்றது. கழற்றிய கேட்டை வாசலில்தான் படுக்க வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் மகள் என்னை உட்கார வைத்துப் பேசினாள்.

"அப்பா, கல்யாண வேலையை நானும் மாமாவும் பாத்துக்கறோம். நீங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க. கல்யாணத்துக்கு வந்தாப் போதும். ஆனா கண்டிப்பா வந்துடணும்ப்பா. கண்டிப்பா."

என் மகள் எதையும் இரண்டு முறை சொல்கிறவள் இல்லை. நானும் வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

இனி ஆலோசனைக்கு வருகிறேன். இங்கே சாலையில் எல்லோரும் நமக்கு எதிர்ப்பக்கம் போகிறார்கள். இது தெரிந்த விஷயம்தான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்த விஷயம் ரவுண்டானாவுக்குள் நுழைந்ததும் மறந்துபோகும். முதல் நாள் ஒரு ரவுண்டானாவுக்குள் போனவன் வெளியே வரும் வழி புரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். நடுவில் இருந்த பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தார். நானும் மரியாதைக்குத் திருப்பிக் கையசைத்தேன். கடைசியில் பின்னாலிருந்து என் மனைவி, "ஏங்க, அவரு டாட்டா காட்டல. வெளிய போற வழியக் காட்டறாரு" என்று சொன்ன பிறகே வெளியே வந்தோம். அடுத்தது ஹாரன். இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பழக்க தோஷத்தில் ஒரு திருப்பத்தில் அடித்துவிட்டேன். முன்னால் போன கார் ஓரமாக நின்று, அதிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து, எங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று சைகையில் கேட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். ஹாரன் அடித்ததற்கு எனக்குத் தண்ணீர் கிடைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இவையெல்லாம் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். ஆனால் வாடகைக் கடை விஷயத்தில் மட்டும் நான் செய்ததை நீங்கள் தயவுசெய்து செய்யக் கூடாது.

கடைக்காரர் நல்ல மனிதர். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொள்வார். டேங்கில் ஒரு படம், மட்கார்டில் ஒரு படம், மண்டியிட்டு சைலன்சருக்கு ஒரு படம். என் மனைவி அவருக்கு அங்கேயே போட்டோக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். படமெல்லாம் எடுத்து முடித்ததும் என் பாஸ்போர்ட்டை வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கண் முழுக்க வண்டியின் டேங்கின்மேல் இருந்தது. வலது பக்கம் முழங்கால் படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. முன் மட்கார்டில் இன்னொன்று. பக்கத் தகட்டில் யாரோ சுவரோடு உரசிக்கொண்டு போன கீறல்கள், அவற்றின் ஓரத்தில் துரு.

நம் வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா சொல்லுங்கள். அந்த எண்ணத்தில்தான் செய்தேன். துணி வைக்கச் சொன்ன பையில் ரப்பர் சுத்தியும் சின்ன உளியும் வைத்திருந்ததற்காக என் மனைவி ஒரு பகல் முழுக்க என்னுடன் பேசவில்லை. பேசாமல் இருந்ததால் வேலை நிம்மதியாக நடந்தது. தங்கியிருந்த விடுதியின் பின்கட்டில் வண்டியை நிறுத்தி, மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, டேங்கில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் கடையில் நின்று என் கண்ணாலேயே நிறம் சேர்த்து வாங்கி வந்து அடித்தேன். விடுதிக்கார அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வேலை முடிந்ததும் டேங்கில் அவர் முகம் தெரிந்தது. அதில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சம்பந்தி, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படியொரு வேலை என் பட்டறையிலேயே அடிக்கடி அமைந்ததில்லை.

நேற்றுக் காலை வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். போட்டோக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். மண்டியிட்டார். எழுந்தார். பிறகு தன் மொழியில் போனிடம் ஏதோ சொன்னார். அவர் பேசுவதை அந்தப் போன் செய்தி வாசிப்பவரின் குரலில் தமிழாக்கிச் சொல்லும்.

"இது எமது வாகனம் அன்று," என்றது போன்.

நம்பர் பிளேட்டைக் காட்டினேன். பிளேட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவது சுலபம், போன வருடம் ஒருவர் அப்படித்தான் செய்தார், ஆனால் கீறலை யாராலும் கழற்றி மாட்ட முடியாது என்று பதில் வந்தது. சரி, சேஸிஸ் நம்பரைப் பார்க்கலாம் என்றேன். அந்த இடத்தில் எனக்கு முன்னால் யாரோ பெயின்டை அப்பி வைத்திருந்தார்கள், மட்டமான வேலை. சுரண்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். சுரண்டினால் அது புதுக் கீறல், அதற்குத் தனியாக அபராதம் உண்டு என்றது போன். ஒடுக்கை நானே எடுத்தேன், நாற்பது வருட அனுபவம் என்று விளக்கினேன். வாடகைக்கு எடுத்த வண்டியை யாராவது சொந்தச் செலவில் சரிசெய்வார்களா என்று அவர் கேட்டார். அதற்கு என் மனைவி முந்திக்கொண்டாள். "இவரு செய்வாரு. கல்யாண மண்டபத்து கேட்டையே கழட்டினவரு" என்றாள். அதையும் போன் சுத்தமாக மொழிபெயர்த்துச் சொன்னது. போட்டோக்காரருக்குச் சந்தேகம் இன்னும் அதிகமானது.

அவருடைய வண்டி வரும்வரை பாஸ்போர்ட் டிராயருக்குள்தான் இருக்கும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளி சாயங்காலம் விமானம். கடைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் சொன்ன அந்த "கண்டிப்பா" காதிலேயே நின்றது. எனக்குப் பயமாக இருந்தது, சம்பந்தி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

யோசனை சொன்னது என் மனைவிதான். "படத்துல இருக்கற மாதிரியே மறுபடி நசுக்கிக் குடுத்துட்டா என்ன?" என்றாள். கடைக்காரரிடம் கேட்டு எல்லாப் படங்களையும் தன் போனில் வாங்கிக்கொண்டாள். வண்டியை மட்டும் கொண்டுபோக விட்டார். அது தன்னுடையது இல்லை என்று அவர் நினைத்ததால் அதில் சிக்கல் எழவில்லை.

பின்கட்டில் வண்டியை நிறுத்திச் சுத்தியைக் கையில் எடுத்தேன். ஓங்கினேன். இறங்கவில்லை. நாற்பது வருடமாக ஒடுக்கை எடுத்த கை, ஒடுக்கு வைக்க மாட்டேன் என்றது. அந்த டேங்கின் பளபளப்பில் என் முகம் தெரிந்தது, அழுதுகொண்டிருந்தது. என் மனைவி எழுந்து வந்தாள். "குடுங்க இப்படி" என்று சுத்தியை வாங்கிக்கொண்டாள்.

"இது, கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்க விடாம என்னை இங்க இழுத்துக்கிட்டு வந்ததுக்கு," என்று டேங்கில் ஒன்று வைத்தாள். படத்தில் இருந்த அதே இடம், அதே அகலம். "இது என் பையில சுத்தி வெச்சதுக்கு." மட்கார்டு. விடுதிக்கார அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். மூன்றாவதாக ஒன்றுக்கும் அவளிடம் காரணம் தயாராக இருந்தது, படத்தில்தான் ஒடுக்கு தீர்ந்துபோயிருந்தது. கஷ்டப்பட்டுத் தடுத்தேன்.

கீறல்களை நானே போட்டேன். முதல் கீறலை முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டேன். இரண்டாவதற்கு முகம் தானாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, எழுதவே வெட்கமாக இருக்கிறது, வேலை பிடித்துப்போய்விட்டது. படத்தில் கீறல் எந்த இடத்தில் அழுந்தி எந்த இடத்தில் தேய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். துருவுக்குத் தேயிலைச் சாயத்தில் செங்கல் தூளைக் குழைத்துத் தடவினேன். "போதும், கண்காட்சிக்கா வைக்கப் போறீங்க?" என்று என் மனைவி திட்டும்வரை நிறுத்த முடியவில்லை.

இன்று மதியம் மறுபடி கடைக்குப் போனோம். போட்டோக்காரர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, வண்டியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். டேங்க் சரி. மட்கார்டு சரி. துருவை விரலால் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுவே எமது வாகனம். அந்தப் போலி வாகனத்தை எங்கிருந்து கொணர்ந்தீர்?" என்றது போன். டிராயரைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். வண்டி எப்படி வந்ததோ அப்படியே போகட்டும். ஒடுக்கைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், இந்த நாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் சுற்ற வரவே வேண்டாம். நீங்களும் நண்பர்களும் ரயிலில் எங்காவது போய் வாருங்கள். நானும் இனி இந்த ஊர்ச் சாலையில் இரு சக்கர வண்டியில் கால் வைப்பதில்லை என்று என் மனைவி தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டேன். நாளை சாயங்காலம் விமானம். சனிக்கிழமை காலையில் வந்து இறங்கி, நேராக உங்கள் வீட்டுக்கு வந்து, கல்யாண நேரத்தில் ஊரில் இல்லாததற்குச் சம்பந்தியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். இதில் எள்ளளவும் மாற்றமில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். அவரும் என் மகளும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, சிரித்த முகமாக நெடுநாள் வாழ வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும். நடந்ததைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்
சம்பந்தி

பி.கு.: வெள்ளி காலை. மேலே "எள்ளளவும் மாற்றமில்லை" என்று இருக்கும் வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை.

பெட்டி கட்டும்போதுதான் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். உள்ளே படத்தில் இருப்பவர் தலை நிறைய முடியும் நல்ல மீசையும் உள்ள ஒரு இளைஞர். என்னிடம் அதில் எதுவும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். கடைக்கு ஓடினேன். டிராயர் காலி. அந்த இளைஞரும் போட்டோக்காரரிடம்தான் வண்டி எடுத்திருக்கிறார். முந்தாநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே நிற உறை போட்டிருந்த என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, திறந்து பார்க்காமல் மலைப்பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு கீறலையும் படத்தோடு ஒத்துப் பார்த்த மனிதர், இரண்டு முகங்களை ஒத்துப் பார்க்கவில்லை. இளைஞரைப் போனில் பிடித்தோம். கணுக்கால் சுளுக்கி ஏரிக்கரை விடுதி ஒன்றில் படுத்திருக்கிறார். எழுந்து வர முடியாது. பஸ் நாளைக்குத்தான். மோட்டார் சைக்கிளில் போனால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். இன்றைய விமானம் போனதுதான். நாளை மதியம் ஒன்று இருக்கிறது, அதற்குள் திரும்பிவிட்டால் ஞாயிறு விடிவதற்குள் ஊரில் இறங்கிவிடலாம்.

உன் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறது, நீயாவது இன்றைக்கே போ என்று மனைவியிடம் சொன்னேன். "நான் போய் இறங்கினதும் அவ முதல்ல 'அப்பா எங்க?'ன்னுதான் கேப்பா. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வண்டிய எடுங்க" என்றாள்.

போட்டோக்காரர் மிகவும் வருந்தினார். வாடகை வேண்டாம் என்று சொல்லி, அதே வண்டியைக் கொடுத்திருக்கிறார். சாவியைக் கையில் தருவதற்கு முன்னால் மறுபடி சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டார். என் முகத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சம்பந்தி, கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். மண்டபத்தில் முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். யார் வந்து கேட்டாலும் அதில் உட்கார விடாதீர்கள். நான் வந்துவிடுவேன்.