கட்டையை எடுக்க மாட்டேன்

"கட்டைய எடுக்க மாட்டேன் சார்," என்றாள் செல்வலட்சுமி.

ஓட்டல் முதலாளி ரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. பறப்பதை நிறுத்திவிட்ட பழைய பயணிகள் விமானம் ஒன்றை வாங்கி, ஒரகடம் சாலையோரம் நிறுத்தி, அதற்குள் ஓட்டல் போட்டிருந்தார். இன்று திறப்பு விழா. புது வண்டி என்றால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்க வேண்டாமா? மூன்று சக்கரத்துக்கும் ஐயர் பழம் வைத்தாகிவிட்டது. ட்ராக்டர் பூட்டி ஒரு முழம் இழுத்தால் போதும்.

முன் சக்கரத்துப் பழத்தை ஒட்டி சக்கரம் உருளாமல் தடுக்கும் மஞ்சள் ரப்பர் கட்டை இருந்தது. கட்டையை ஒட்டி செல்வலட்சுமி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பெருமைக்காகவே அவளைச் சேர்த்துக்கொண்ட ரத்தினம், அங்கிருந்து ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இறக்கை நுனிக்கு ஒருவர் நின்று பார்க்காமல் விமானம் அசையக் கூடாது என்றாள்.

"இதுல இஞ்சினே இல்லமா."

"இறக்கை இருக்குல்லா சார்?"

ரத்தினம் இரண்டு பரோட்டா மாஸ்டர்களை நிறுத்தினார். நின்ற உடனே ஒருவர், இடது இறக்கை பந்தல் காலில் இடிக்கும் என்றார். காலைப் பிடுங்கச் சொன்னார் ரத்தினம். பிடுங்கினார்கள். பந்தல் முழுவதும் கேசரி அண்டாவின் மேல் வந்து உட்கார்ந்தது. அதை இழுத்துப்போட டிரைவர் டில்லிபாபு ட்ராக்டரைக் கழற்றிக்கொண்டு போனான்.

பக்கத்துக் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் முடித்து வந்து விமானத்தின் மூக்கடியில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் செல்வலட்சுமி விரட்டினாள். ரத்தினத்துக்கு வியாபாரமே போனது போல் இருந்தது. கட்டையை எடுக்காவிட்டால் இப்போதே வேலையை விட்டுப் போகலாம் என்றார்.

இந்த வேலையும் போனால் குன்றத்தூர் அறையைக் காலி செய்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"வேலைய எடுத்துக்கிடுங்க சார். கட்டைய எடுக்க மாட்டேன்."

ரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து, தானே கட்டையைப் பிடுங்கினார்.

விமானம் அசைந்தது. மூன்று பழங்களும் நசுங்கின. கூட்டம் கைதட்டியது. விமானம் நிற்கவில்லை. போட்டோவில் விழட்டும் என்று எதிரே நிறுத்தியிருந்த தன்னுடைய புதுக் காரை நோக்கி அது சரிவில் இறங்குவதைப் பார்த்த ரத்தினம், ட்ராக்டரைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார்.

"ட்ராக்டரு இங்க கீது சார்," என்றான் டில்லிபாபு, பந்தலுக்குப் பின்னாலிருந்து. "பந்தல இஸ்துகினு கீறேன்."

ரத்தினத்தின் கையிலிருந்த கட்டையைப் பறித்துச் சக்கரத்தின் முன்னால் தள்ளினாள் செல்வலட்சுமி. காருக்கு ஒரு சாண் முன்னால் விமானம் நின்றது.

ரத்தினம் ஒரு சோடா குடித்தார். நன்றி சொல்ல மனசு வரவில்லை. கல்லாவில் இருந்த முத்துச்செல்வியிடம் போனார். அவள் செல்வலட்சுமியின் அறைத்தோழி, விமான நிலையத்திலும் கூடவே இருந்தவள்.

"ஏர்போர்ட்லயும் இப்டித்தான் மேல கீறவங்க பேச்சக் கேக்க மாட்டாளா? அதான் வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல சார். மேனேஜர் சொன்னாருன்னு அங்க ஒரே ஒரு தடவ கட்டைய எடுத்துட்டா. அதுக்குத்தான் தூக்கிட்டாவ."